கிழவரை அனுப்பின கூட்டம்

தம்பி தமிழ்தானே? கொஞ்சம் அரக்கி இரும் பாப்பம், எனக்கு இந்த வலது முழங்கால் மடிக்கேலாது. ஆ, இப்ப சரி. கடைசித் தரிப்பு மட்டும் போறீரோ? நல்லது. நான் எங்கை போறன் எண்டு கேக்காதையும், அதை நான் இன்னும் முடிவெடுக்கேல்லை.

பஸ்ஸுக்குள்ளை சூடு காணாது, என்ன? ட்ரைவரிட்டைச் சொன்னாலும் கேக்கமாட்டான். சூட்டைப் பற்றி எனக்குத் தெரியும் தம்பி. இருபத்தேழு வருசம் அதுதான் என்ரை தொழில். இந்த மார்க்கம் ரோட்டிலைதான், ஏழு மாடிக் கட்டடம், எண்பத்திநாலு வீடு. அதுக்கு நான்தான் சூப்பர், கட்டடம் பாக்கிற ஆள். வீடும் வேலையோடை தந்தவை, பேஸ்மென்றிலை. குணநாயகம் எண்டு பேர். குணம் அண்ணை எண்டு கேட்டுப் பாரும், அந்தப் பக்கம் தெரியாத சனம் இல்லை. ஊரிலை பருத்தித்துறையிலை ஐஸ் தொழிற்சாலையிலை மெசின் பாத்தனான். அங்கை ஐஸ், இங்கை சுடுதண்ணி எண்டு சனம் பகிடி பண்ணும். நானும் சிரிப்பன். அப்ப சிரிக்கக்கூடிய மாதிரி இருந்தது.

அப்பிடி இருந்த என்னை, நான் வளர்த்த ஒரு பெட்டை, எண்பத்திநாலு வீட்டுச் சனத்துக்கு முன்னாலை வைச்சு, 'கிழவரை அனுப்பிவிடுவம்' எண்டு சொன்னாள். சனம் கைதட்டினது. இது போன ஆனியிலை நடந்தது. எட்டு மாதமாச்சு. இன்னும் எனக்கு நெஞ்சு ஆறேல்லை.

பொறும், முதல்லை பொயிலரைப் பற்றிச் சொல்லவேணும். இல்லாட்டி உமக்கு விளங்காது.

கட்டடம் முழுக்கச் சூடு போறது ஒரு பொயிலரிலையிருந்துதான். என்ரை வீட்டுக்குப் பக்கத்து அறையிலை இருந்தது. காஸ் எரிச்சுத் தண்ணியைச் சூடாக்கி, குழாயாலை ஏழு மாடிக்கும் ஏத்திறது. அறுபத்தாறாம் ஆண்டு செய்தது. ஒரு சின்ன லொறி அளவு. நான் வேலைக்குச் சேர்ந்த அண்டைக்கே அது இருமிச்சுது. அப்பவே பேர் வைச்சன், கிழவர் எண்டு. எனக்கு அப்ப நாற்பத்தொரு வயசு. பிறகு கட்டடத்திலை சின்னன் பெரிசு எல்லாம் அந்தப் பேர்தான். 'அண்ணை, கிழவர் படுத்திட்டாரோ, பைப்பிலை பச்சைத்தண்ணி வருது' எண்டு போன் அடிப்பினம். 'எழுப்பிறன், எழுப்பிறன்' எண்டுவன்.

கிழவரின்ரை குணம் எனக்கு மட்டும்தான் தெரியும். எந்த வால்வை எவ்வளவு திருப்பிறது, எந்தக் குழாயிலை எந்த இடத்திலை தட்டிறது. கட்டடக் கொம்பனி மெக்கானிக்கை அனுப்பினால் அவன் வந்து என்னட்டைத்தான் கேப்பான். அந்த அறை என்ன வெக்கை தெரியுமோ? வெளியிலை சைபருக்குக் கீழை இருபது. உள்ளை நான் பெனியனோடை நிப்பன். எங்கட பொம்பிளையள் அதைக் கண்டிட்டு, மோர்மிளகாயும் வேப்பம்பூ வடகமும் கொண்டுவரத் தொடங்கிச்சினம், காயப்போட. இந்த நாட்டிலை மாசியிலை எங்கை வெயில்? நான் பலகையிலை தட்டு அடிச்சு, ஒவ்வொண்டிலையும் வீட்டு நம்பர் எழுதி அடுக்கி வைச்சனான். ரண்டே நாள். கலகலவெண்டு காஞ்சிடும். ரொறன்ரோவிலை மாசி மாதம் ஆர் வீட்டிலை புது மோர்மிளகாய் பொரியும்? எங்கட கட்டடத்திலை பொரிஞ்சுது.

அப்பிடித்தான் அந்தப் பிள்ளையும் வந்தது. ஆரபி. ஏழாம் மாடியிலை பவளராணி எண்டு ஒரு மனுசி, புருசன் இல்லை, ரண்டு வேலை. அவவின்ரை மகள். நாலாம் வகுப்புப் படிக்கேக்கை ஒருநாள் புத்தகப்பையோடை வந்து வாசலிலை நிண்டாள். 'மாமா, இதிலை இருந்து படிக்கட்டோ?' எண்டாள். ஒரு கதிரையும் உடைஞ்ச மேசையும் போட்டுக் குடுத்தன். அண்டையிலையிருந்து ஒவ்வொரு வின்ரரும், பள்ளிக்கூடம் விட்டால் நேரை கீழைதான். பன்னிரண்டாம் வகுப்பு மட்டும். என்ரை மனுசி, இப்ப அவ இல்லை, ஆறு வருசமாச்சு, அவ தேத்தண்ணி ஊத்திக் குடுப்பா. எனக்குக் கணக்கு விஞ்ஞானம் ஒண்டும் வராது. ஆனால் இடம் குடுத்தது ஆர்? அவள் இஞ்சினியரா வந்தாளெண்டால் அந்த அறையாலைதான். நான் எல்லாருக்கும் சொல்லுறனான், மேலை வீடுகளிலை ஒரே ரீவிச் சத்தம், பிள்ளைக்கு அமைதி வேணும், அதுதான் என்னட்டை வாறவள் எண்டு. கிழவரும் சத்தம்தான். அது வேறை சத்தம்.

இந்த ஏழாம் மாடிச் சனம் இருக்கே, அவை ஒரு தனி ரகம். எப்ப பாத்தாலும் முறைப்பாடு. குளிருது அண்ணை, குளிருது அண்ணை. கிழவரின்ரை மூச்சு ஆறாம் மாடி மட்டும்தான் வடிவாப் போகும். அவரின்ரை வயசுக்கு அவ்வளவுதான். சுவெற்றரைப் போடுங்கோ எண்டுவன். கனடாவுக்கு வந்திட்டுக் குளிருதெண்டால் நான் என்ன செய்யிறது? ஒருத்தி குசினி அடுப்பைப் போட்டுவிட்டுக் குளிர்காயிறா எண்டு கேள்விப்பட்டன். நேரை ஏறிப் போய் நல்ல பேச்சுப் பேசிப்போட்டு வந்தன். கட்டடம் எரிஞ்சால் ஆர் பொறுப்பு? அந்த ஒருத்தி ஆர் எண்டு கேக்காதையும். சரி, பவளராணிதான். அது பழைய கதை, விடும்.

போன வருசம் மாசியிலை கொம்பனிக்காரர் சொல்லிச்சினம், சக்தி மிச்சம்பிடிக்கிற திட்டமாம், பழைய பொயிலர் எல்லாம் சோதிக்கினமாம், ஒரு இஞ்சினியர் வந்து பாக்கும் எண்டு. அறையைக் கூட்டித் துடைச்சு வைச்சன். கதவைத் திறந்தால் ஆர் நிக்கிறது? ஆரபி! தலையிலை மஞ்சள் தொப்பி, கையிலை சூடு அளக்கிற ஒரு குட்டி மெசின். 'மாமா' எண்டு கட்டிப்பிடிச்சாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது தம்பி. வெள்ளைக்காரன் வந்தால் குறை பிடிப்பான். இவள் எங்கட பிள்ளை, இந்த அறையிலை வளர்ந்தவள், கிழவருக்கு நல்ல சேட்டிபிக்கற்றா எழுதுவாள் எண்டு நினைச்சன்.

'அறை எப்பவும் இப்பிடித்தான் சுடுமோ மாமா?' எண்டு கேட்டாள். 'இதென்ன சூடு, பின்னுக்கு வா காட்டிறன்' எண்டு கூட்டிக்கொண்டு போனன். 'பார், முப்பத்தொன்பது டிகிரி! கிழவருக்கு என்ன குறை? இந்தக் குழாயிலை கை வைச்சுப் பார், வைக்கேலாது. எழுதிக்கொள்' எண்டன். எழுதினாள். 'மிளகாய் எத்தினை நாளிலை காயும்?' எண்டாள். 'ரண்டு நாள்' எண்டன். அதையும் எழுதினாள். தட்டுகளைப் படம் எடுத்தாள். நான் பக்கத்திலை போய் நிண்டு, பல்லைக் காட்டிக்கொண்டு, 'என்னையும் சேத்து எடு' எண்டன்.

என்ரை மடைத்தனத்தைப் பாரும். ஆனால் நீர் சொல்லும், ஒரு அறையிலை அவ்வளவு சூடு நிண்டால் அது பொயிலரின்ரை பலம் எண்டுதானே ஆரும் நினைக்கும்? இவளின்ரை படிப்பிலை அது வியாதியாம். கீழை நிக்கிற சூடு மேலை போகாத சூடாம். நூறு பங்கு காஸ் எரிச்சால் அறுபது பங்குதான் வீடுகளுக்குப் போய்ச் சேருதாம். அதை அங்கையே என்னட்டைச் சொல்லியிருக்கலாமெல்லே? ஏதோ சொல்ல வெளிக்கிட்டவள்தான், 'மாமா, உண்மையிலை இது' எண்டு. நான் அப்ப எண்பத்தொன்பதாம் நம்பர் வால்வின்ரை கதையைச் சொல்லிக்கொண்டிருந்தன். அது நீளமான கதை. தேத்தண்ணியைக் குடிச்சிட்டு, 'போட்டு வாறன் மாமா' எண்டிட்டுப் போனாள்.

பிறகு ஆனியிலை கூட்டம். சனிக்கிழமை பின்னேரம், கீழை ஹோலிலை. சனம் நிறைஞ்சு நிண்டது. கொம்பனியிலையிருந்து ஒரு வெள்ளைக்காரர், பக்கத்திலை ஆரபி. முக்கால்வாசிச் சனம் எங்கட ஆக்கள்தானே, அதாலை அவள் தமிழிலைதான் கதைச்சாள். நான் முன்வரிசை. புதுச் சேட்டுப் போட்டுக்கொண்டு போனனான்.

சுவரிலை படம் விழுந்தது. பாத்தால் நான்! மிளகாய்த் தட்டுக்குப் பக்கத்திலை பல்லைக் காட்டிக்கொண்டு. சனம் கொல்லெண்டு சிரிச்சுது. நானும் சிரிச்சன், முதல்லை. அப்ப அவள் சொல்லுறாள், 'இந்த மிளகாயைக் காய வைக்கிறது உங்கட வீடுகளுக்கு வரவேண்டிய சூடு' எண்டு. சிரிப்பு நிண்டிட்டுது. ஏழாம் மாடிச் சனம் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கொண்டுது.

பிறகு சொன்னதை அப்பிடியே சொல்லுறன், ஒரு சொல்லுக் கூட்டாமல் குறைக்காமல். 'கிழவரை இனி வைச்சிருக்கிறது சரியில்லை. தின்னுறது கூட, தாறது குறைவு. இவ்வளவு காலம் உழைச்சவர், மரியாதையா அனுப்பிவிடுவம்.' சொல்லேக்கை என்னைப் பாத்துத்தான் சிரிச்சவள். சனம் கைதட்டுது. கிழவிகள் எல்லாம் எழும்பி நிண்டு கைதட்டுதுகள்.

பொயிலரைத்தான் சொன்னவளாம். எல்லாரும் பிறகு அதைத்தான் சொல்லுகினம். என்ரை மகனும் அதைத்தான் சொல்லுறான். எனக்குத் தெரியாதே, அந்தப் பேரை வைச்சதே நான்? ஆனால் அந்தச் சபையிலை, அந்த நேரத்திலை, கிழவர் எண்டு இருந்தது ஆர்? எனக்கு அறுபத்தெட்டு வயசு. 'தின்னுறது கூட' எண்டது ஆரை? மனுசி போனதுக்குப் பிறகு எனக்குச் சமைக்கத் தெரியாதெண்டு சனம்தான் முறைவைச்சுச் சாப்பாடு அனுப்பிறது. திங்கள் மூண்டாம் மாடி, செவ்வாய் அஞ்சாம் மாடி, இப்பிடி. வெள்ளிக்கிழமை பவளராணி வீட்டுப் புட்டு. பொயிலர் தின்னுமோ தம்பி? பொயிலர் காஸ் எரிக்கும். தின்னுறது மனுசன்.

எழும்பினன். இடுப்பிலையிருந்த, கட்டடத்துக் கதவெல்லாத்தின்ரை திறப்புக்கோர்வையைக் கழட்டி மேசையிலை போட்டன். 'கிழவர் போறார்' எண்டன். சனம் அதுக்கும் விழுந்து விழுந்து சிரிச்சுது. பகிடி விட்டதெண்டு நினைச்சவையாம்.

அண்டைக்கு எனக்கு அழுகை வந்தது, வெக்கமில்லாமல் சொல்லுறன். கதவைப் பூட்டிப்போட்டு அழுதன். மனுசி செத்ததுக்குப் பிறகு அண்டைக்குத்தான்.

அவள் வந்தாள். வரேல்லை எண்டு சொல்லமாட்டன். மூண்டுதரம் வந்து கதவைத் தட்டினாள். 'மாமா, கதவைத் திறவுங்கோ, நான் உங்களைச் சொல்லேல்லை' எண்டாள். நான் ரீவியைக் கூட்டிவிட்டன். மூண்டாம்தரம் கதவுக்குக் கீழாலை ஒரு கடதாசியைத் தள்ளிவிட்டுப் போனாள். இங்கிலிசிலை, ரண்டு பக்கம். நான் வாசிக்கேல்லை, குப்பையிலை போட்டன். ரண்டு கிழமையிலை மகன் வந்து சாமானை ஏத்தினான். சனம் வாசலிலை வந்து நிண்டு பாத்துது. ஒருத்தரும் மறிக்கேல்லை. மகன் சொல்லுறான், 'நீங்கள் ஒருத்தரையும் கதைக்க விடேல்லை அப்பா' எண்டு. மறிக்கிறதெண்டு நினைச்சவை கதைச்சே மறிக்கவேணும்? வழியிலை நிண்டாலே காணுமே.

இப்ப மகன் வீட்டு பேஸ்மென்றிலை இருக்கிறன். நல்ல பெடியன், மருமகளும் தங்கமான பிள்ளை. ஆனால் வீட்டுச் சூட்டைக் கூட்டிறது குறைக்கிறது எல்லாம் அவவின்ரை போனுக்குள்ளை. எனக்குக் குளிருதெண்டால் அவவுக்கு மெசேஜ் போடவேணும். போன கிழமை போட்டன். 'சுவெற்றர் போடுங்கோ மாமா' எண்டு பதில் வந்தது. இருபத்தேழு வருசம் எண்பத்திநாலு வீட்டுக்குச் சூடு குடுத்த மனுசனுக்கு, பாத்தீரோ?

நேற்று எனக்குப் பொறுக்கேலாமல் போச்சு. தாயிட்டையாவது ரண்டு கேள்வி கேக்கவேணும் எண்டு வெளிக்கிட்டன். பிள்ளை வளர்த்த விதம் இதுதானோ எண்டு கேக்கவேணும். பஸ்ஸிலை இருந்து வசனமெல்லாம் பாடமாக்கிக்கொண்டு போனன். கீழை இறங்கிப் பொயிலர் அறைக்குப் போகேல்லை. நேரை லிஃப்ற்றிலை ஏழாம் மாடி.

பவளராணி கதவைத் திறந்தா. கையில்லாத சட்டை, வெறுங்கால். மாசி மாதம் தம்பி, வெளியிலை காது விழும் குளிர். 'வாங்கோ அண்ணை' எண்டா. உள்ளை போனன். இருபத்தேழு வருசத்திலை அந்த வீட்டுக்கு எத்தினைதரம் போயிருப்பன், ஒருநாளும் கோட்டுக் கழட்டினதில்லை. நேற்றுக் கழட்டவேண்டி வந்தது. வீடு முழுக்க ஒரே கணகணப்பு. யன்னல் பக்கமும் அப்பிடித்தான். புதுப் பொயிலராம், மூண்டு, ஒவ்வொண்டும் ஒரு ப்ரிட்ஜ் அளவாம். சத்தமே இல்லையாம். காஸ் முந்தியிலும் பாக்க எவ்வளவோ குறைவா எரியுதாம். கீழை அந்த அறை இப்ப குளிர்ந்துபோய்க் கிடக்காம். மிளகாய் ஒண்டும் காயாதாம்.

நான் பாடமாக்கினதைச் சொல்லத் தொடங்கினன். 'உன்ரை பிள்ளைக்கு ஒன்பது வருசம் இடம் குடுத்தனான் பவளம். அவள் அமைதியா இருந்து படிக்கட்டும் எண்டு' எண்டன்.

அந்த மனுசி தேத்தண்ணி ஆத்திக்கொண்டு நிண்டா. திரும்பிப் பாத்து, ஆறுதலாச் சொன்னா, 'அமைதிக்கோ அண்ணை? வீட்டிலை விரல் விறைச்சுப் பென்சில் பிடிக்கேலாது. அதுக்குத்தானே அவளைக் கீழை அனுப்பினனான்.'

'எனக்குச் சொல்லியிருக்கலாமே' எண்டன்.

'சொன்னனாங்கள் அண்ணை. ஒவ்வொரு வருசமும் சொன்னனாங்கள்.'

அவ கோபத்திலை சொல்லேல்லை. அதுதான் எனக்கு ஏலாமல் போனது. தேத்தண்ணியை நீட்டினா. வாங்கிக் குடிச்சன், வேறை என்ன செய்யிறது?

பிறகு தானாவே சொன்னா. நான் விட்டிட்டுப் போன இடத்துக்கு ஒருத்தனை வைச்சவையாம், அவன் மார்கழி நத்தாரோடை ஓடிட்டானாம். புது மெசினெண்டாலும் கட்டடத்திலை ஆள் இருக்கத்தான் வேணுமாம், குழாயெல்லாம் பழசுதானே, எது எந்த வீட்டுக்குப் போகுதெண்டு ஒருத்தருக்கும் தெரியாதாம். கொம்பனி வேறை ஆள் பாக்குதாம். ஆரபி, ஒரு மனுசனுக்குத்தான் தெரியும், அவரைக் கேக்காமல் வேறை ஆரையும் வைக்கக்கூடாது எண்டு நிண்டவளாம். அண்டைக்குக் கதவுக்குக் கீழாலை போட்ட கடதாசியும் அதுதானாம். மூண்டு கிழமை வகுப்பு, புது மெசினைப் பழக. வேலையும் வீடும் எனக்குத்தான் எண்டு கொம்பனியிட்டைக் கேட்டு எழுதி வாங்கினதாம். நான் அதைக் குப்பையிலை போட்டதைப் பவளராணிக்குச் சொல்லேல்லை. இண்டைக்கு நாலு மணி மட்டும் பாப்பினமாம். பிறகு வேறை ஆளுக்குக் கையெழுத்து. ஆரபி கீழை அறையிலை நிப்பாளாம். 'ஒருக்கால் வந்து அவளோடை கதையுங்கோ அண்ணை, அவளும் இந்த எட்டு மாதமா அழுகைதான்' எண்டா.

இப்ப என்ன நேரம்? மூண்டே முக்காலோ. ம்.

அந்தா தெரியுது பாரும், பச்சைப் பல்கனிகள். அதுதான்.

நான் போய் என்னத்தைச் சொல்லுறது தம்பி? 'நீ பொயிலரைச் சொன்னதை நான் என்னையெண்டு நினைச்சிட்டன்' எண்டோ? அதைச் சொல்லலாம், அது பெரிய காரியமில்லை. ஆனால் அதைச் சொன்னால் மற்றதையும் சொல்லவேண்டி வரும். ஏழாம் மாடிக் கதையை. ஒன்பது வயசுப் பிள்ளை விரல் விறைச்சு வந்து நிண்டதை நான் படிப்பெண்டு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிஞ்சதை. அது என்னாலை ஏலாது. அவள் செய்தது துரோகம். அப்பிடியே இருக்கட்டும். அவளுக்கு ஒரு குறையும் வராது, நான் மகன் வீட்டிலை கிடந்திட்டுப் போறன்.

என்ன, பெல் அடிச்சிட்டீரோ? ஆர் தம்பி உம்மை அடிக்கச் சொன்னது? நீர் கடைசித் தரிப்பெண்டெல்லே சொன்னனீர்? கதை கேக்கிற பெடியன் எண்டு நம்பித்தானே உமக்கு இவ்வளவும் சொன்னன்.

நிப்பாட்டப் போறான். காலை எடும், வழியை விடும். முழங்கால் மடிக்கேலாதெண்டு சொன்னனானெல்லே, அந்தக் கம்பியைப் பிடிக்க விடும். ட்ரைவருக்குச் சொல்லும், கொஞ்சம் பொறுக்கட்டாம்.